பேட்டரியிலிருந்து ஒரு சாண்

எங்கள் பகுதி இருசக்கர வண்டி மெக்கானிக்குகள் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. யார் எதை எழுத வேண்டும் என்று செயலாளரே பங்கு பிரித்துவிட்டார். இன்ஜின் ஒருவருக்கு, பிரேக் ஒருவருக்கு, ஒயரிங் எனக்கு. "நீதான் கடைய மூட்டு வூட்ல சும்மா குந்திகினு கீறியே நைனா, நாலு பக்கம் எய்தி குடு" என்றார். முப்பத்தெட்டு வருட வேலையில் நான் எழுதியதெல்லாம் ஒயர் மேல் டேப் ஒட்டி அதன் மேல் 'ஹாரன்', 'லைட்' என்று எழுதியதுதான். நாலு பக்கம் என்றதும் கொஞ்சம் உதறல் எடுத்தது.

ஒயரிங்கில் எதைப் பற்றி என்று கேட்டேன். சார்ஜர் பாயிண்ட் பற்றி எழுதச் சொன்னார். காரணம் எனக்குத் தெரியும். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வாரம் ஒரு சண்டை இதற்காகவே நடக்கிறது. வண்டியில் போன் சார்ஜ் போட பாயிண்ட் வைத்தால் கரண்ட்டை நேராகப் பேட்டரியிலிருந்து எடுப்பதா, சாவி போட்டால் மட்டும் வருகிற ஒயரிலிருந்து எடுப்பதா? ஆளுக்கு ஒரு படம் வரைந்து போடுவார்கள். நடுவில் யாராவது சம்பந்தமே இல்லாமல் காலை வணக்கம் அனுப்பியதும் சண்டை அடங்கும்.

இப்போது வருகிற வண்டிகளில் கம்பெனிக்காரனே பாயிண்ட் வைத்து அனுப்புகிறான். போன மாதம் என் மகள் வண்டி எடுத்தாள். எல்லோரும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது நான் ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி சைடு கவரைத் திறந்துவிட்டேன். ஷோரூம்காரர் பதறிவிட்டார். "அப்பா, மானத்த வாங்காதப்பா" என்றாள் மகள். உள்ளே ஃபியூஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஒரு ஃபியூஸுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சொல்லிவிட்டால் நாலு பக்கமும் நிறைந்துவிடும்.

வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் படித்தேன். ஒரு வருடம் வேலை தேடிச் செருப்பு தேய்ந்தது. ராயபுரத்தில் ஜமால் பாய் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து பதினாறு வருடம் இருந்தேன். பிறகு காலடிப்பேட்டையில் சொந்தக் கடை, இருபத்திரண்டு வருடம். அவ்வளவுதான்.

பாயைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிரீஸ் வேலை செய்வார். சட்டையில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. எப்படி என்று எங்களில் யாருக்கும் கடைசி வரை புரியவில்லை. அவர் திட்டமாட்டார். நாம் போட்ட ஒயரிங் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வண்டி பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்காருவார். நாம் அரை நாள் பாடுபட்டுப் போட்ட ஒயர் முழுவதையும் மெதுவாகக் கழற்றி, அழகாகச் சுருட்டி, நம் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். என்ன தப்பு பாய் என்று கேட்டால், "பாரு" என்பார். வேறு பேச்சு கிடையாது. இதற்கு நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்த நாட்கள் உண்டு.

ராயபுரத்தில் கடல் காற்று. ஒயர் வெளியே புதிதாகத் தெரியும். ரப்பரை உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். பாய், சிவந்த செம்பு கண்ணில் படுகிற வரை வெட்டிக்கொண்டே போவார். இணைப்புப் போட்ட இடத்தில் கிரீஸ் தடவாமல் டேப் சுற்றவிடமாட்டார். ஆனால் அவர் எதிலாவது பிடிவாதக்காரர் என்றால் ஃபியூஸ் விஷயத்தில்தான். பேட்டரியிலிருந்து எந்த ஒயர் கிளம்பினாலும் ஒரு சாணுக்குள் அதில் ஃபியூஸ் இருக்க வேண்டும். கையை விரித்துக் கட்டைவிரலைப் பேட்டரி முனையில் வைப்பார். சுண்டுவிரல் எட்டும் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லையென்றால் முடிந்தது. சுருட்டி நம் கையில் கொடுத்துவிடுவார்.

ஃபியூஸ் எதற்கு என்பதில் பலருக்கும் தப்பான எண்ணம் உண்டு. போனைக் காப்பாற்றத்தான், பல்பைக் காப்பாற்றத்தான் என்பார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. தோல் உரிந்த ஒயர் வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால் பேட்டரியில் இருக்கிற மொத்தக் கரண்ட்டும் அதன் வழியாகப் பாயும், ஒயர் பழுக்கும். வழியில் ஃபியூஸ் இருந்தால் அது அறுந்து கரண்ட்டை நிறுத்திவிடும். ஆனால் இந்தக் காவல் ஃபியூஸைத் தாண்டிப் போகிற ஒயருக்கு மட்டும்தான். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கிற ஒயருக்கு ஒரு காவலும் கிடையாது. அது இரும்பில் பட்டால் பட்டதுதான், எரிந்து தீர்கிற வரை நிற்காது. ஒரு சாண் கணக்கு அதற்காகத்தான்.

வேலை முடிந்ததும் பாய் ஹேண்டிலை இடது கடைசி வரை, வலது கடைசி வரை இருபது தடவை திருப்புவார். ஹேண்டில் திரும்புகிற கழுத்தில்தான் ஒயர் இழுபடும், உரசும். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு திருப்புவார். பிறகு பாயிண்ட்டில் எதையாவது மாட்டி ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். அவசரமில்லாமல் ஒரு டீ. திரும்பி வந்து புறங்கையால் ஒயரை நெடுகத் தொட்டுப் பார்ப்பார். எங்கும் சூடு இல்லையென்றால்தான் வண்டி வெளியே போகும். இதையெல்லாம் பதினாறு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

பாயிடம் இருந்த காலத்தில் கூடுதல் லைட், ரேடியோ என்று வண்டியில் பாயிண்ட் கேட்டு வருடத்துக்கு ரெண்டு பேர் வந்தால் அதிகம். என் கடைக் காலத்தில் போனில் சோறு வரவழைக்கும் பழக்கம் வந்தது. டெலிவரி ஓட்டுகிறவர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். நாள் முழுக்க மேப் ஓடிக்கொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். போன் அணைந்தால் அன்றைக்கு அவர்கள் வேலையும் அணைந்தது. ஓட்டல் வாசலில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்போதும் சார்ஜ் ஏற வேண்டும் என்பார்கள். அதனால் நேராகப் பேட்டரியிலிருந்தே எடுத்தேன். அதில் தவறில்லை.

மழைக்காலத்தில் தொல்லை ஆரம்பித்தது. பாயிண்ட்டுக்குள் தண்ணீர் போகும், ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இருப்பதோ சீட்டுக்கு அடியில். பின்னால் பெரிய சோற்றுப் பை கட்டியிருக்கும். அதை அவிழ்த்து, ஸ்பானர் போட்டு, சீட்டைத் தூக்கி, ஒரு சின்ன ஃபியூஸ் மாற்றுவதற்குள் அவர்களுக்கு ரெண்டு ஆர்டர் போய்விடும். தினேஷ் என்று ஒருவர், தண்டையார்பேட்டைக்காரர், ஒருநாள் நனைந்துகொண்டே வந்து கேட்டார்.

"நைனா, இந்த ஃபியூச மேல ஹேண்டில் கிட்ட வெச்சா இன்னா? போச்சின்னா நானே மாத்திக்குவேன். உன்னாண்ட வந்து பேஜாரு பண்ணமாட்டேன்."

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம்தான். ஃபியூஸ் இருக்கத்தானே போகிறது, மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று தோன்றியது. பாயின் விரிந்த கை ஞாபகம் வராமல் இல்லை. அவர் காலத்தில் டெலிவரி ஏது என்று ஒதுக்கிவிட்டேன். ஒயரைப் பேட்டரியிலிருந்து டேங்குக்கு அடியில் கொண்டுபோய், ஹேண்டில் அருகே ஃபியூஸ் வைத்து, அவசரத்துக்கு இன்னொன்றைப் பக்கத்தில் டேப்பால் ஒட்டியும் கொடுத்தேன்.

தினேஷ் பத்துப் பேரிடம் சொன்னார். மணலியிலிருந்தும் மாதவரத்திலிருந்தும் வண்டிகள் வந்தன. 'காலடிப்பேட்டை பாயிண்ட்' என்று பேரே ஆகிவிட்டது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு மெக்கானிக்கைத் தேடி ஆட்கள் வந்தால் அவனுக்குத் தலை சுற்றத்தான் செய்யும். எனக்குச் சுற்றியது.

அப்படி ஒரு காலையில் வந்தவர்தான் அமுலு. முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள், பின்னால் நீல நிற ஐஸ் பெட்டி. வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"ண்ணா, போனு சார்ஜ் போட்ற பாயிண்டு போட்றியாமே. அதுல போனு இல்லாம வேற போடலாமா?"

"இன்னா போடணும்?"

"எறா."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அமுலுவும் சிரித்துவிட்டார். "எறாவுக்கு மூச்சு குடுக்கணும் ண்ணா. மீன் தொட்டீல புஸ்புஸ்னு காத்து வுடுமே, அந்தப் பம்பு" என்றார்.

அவர் காத்திவாக்கத்துக்காரர். கழிமுகத்தில் பிடிக்கிற இறாலை உயிரோடு கொடுத்தால் சில பெரிய ஓட்டல்கள் விரும்பி எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பட்டணம் போய்ச் சேருவதற்குள் பாதி செத்துவிடும். பேட்டரியில் ஓடுகிற பம்பு ஒன்று இருந்தால் கடைசி வரை உயிரோடு இருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். சும்மா நின்ற அவர் வண்டியை எடுத்து இவரே ஓட்டப் பழகியிருக்கிறார்.

"எங்க மச்சாண்டாருக்குதான் புடிக்கல" என்றார். மச்சாண்டார் என்றால் கணவரின் அண்ணன். "பொம்பள இன்னா வண்டில சுத்திகினுன்றாரு. எறா உசுரோட போய் சேந்துச்சின்னா அவரு வாயி தானா மூடிக்கும். ஒயுங்கா போட்டு குடு ண்ணா. வண்டி எங்கனா நின்னுச்சின்னா, பாத்தியா சொன்னேனேம்பாரு."

போட்டுக் கொடுத்தேன், அதே முறையில். மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே ஃபியூஸ் மேலே, ஹேண்டில் பக்கம். வரிசையில் இன்னும் நாலு வண்டி இருந்தது. ஹேண்டிலை மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன், டீ குடிக்கப் போகவில்லை.

நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது. வாரத்தில் ஒருநாளாவது கடை வாசலில் ஹாரன் அடித்து, பெட்டி மூடியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். உள்ளே குமிழி குமிழியாகக் காற்று வரும், இறால்கள் மீசையை ஆட்டிக்கொண்டிருக்கும். "ஒண்ணு கூட சாவல ண்ணா" என்பார். எனக்கும் அன்று முழுவதும் உற்சாகமாக இருக்கும்.

பிறகு ஒரு நாள் அவர் வண்டி மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் படுத்துக்கொண்டு வந்தது. அமுலு பின்னால் உட்கார்ந்து வந்தார். வலது உள்ளங்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. டேங்கின் அடிப்பாகம் கருகி, சீட்டு பாதி வெந்து, வண்டி முழுக்க உப்புத் தண்ணீரும் செதிலும்.

"எர்ணாவூர் பாலத்துல ஏறிகினு இருந்தேன் ண்ணா. டேங்கு அடீல இருந்து பொகை வந்துச்சி. இன்னாடான்னு குனிஞ்சி பாத்தா நெருப்பு. ஒயர புட்சி இஸ்தேன், கை வெந்துச்சி. டேங்கு வெடிக்கும், ஓடி வாம்மான்னு ஜனமெல்லாம் கத்துது. நான் பொட்டிய அப்டியே தூக்கி கவுத்துட்டேன். தண்ணியும் எறாவும் சேந்து ஊத்திச்சி. அப்பால அணைஞ்சிச்சி."

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: "என் தப்புதான் ண்ணா. போன வாரம் பம்பு மாத்தினேன், பெர்சா. உன்னாண்ட ஒரு வார்த்த கேட்டுகினு போட்ருக்கணும். நீ போட்டது ஒரு கொறையும் இல்ல. தோ பாரு, ஃபியூசு கூட போகல. கண்ணாட்டம் கீது."

அந்த ஃபியூஸைக் கழற்றி என் கையில் வைத்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், உள்ளே கம்பி அறுபடாமல் முழுசாக இருந்தது. என் வேலைக்குச் சாட்சியாக அதைக் காட்டினார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பெரிய பம்பால் தீ வந்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது இந்த ஃபியூஸ். இது முழுசாக இருக்கிறது என்றால் கரண்ட் இதன் வழியாக வரவே இல்லை. இதற்கு முன்னாலேயே, காவல் இல்லாத அந்த ஒயரில் பட்டிருக்கிறது.

டேங்குக்கு அடியில் கைவிட்டு ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். ஹேண்டில் கழுத்தில், திரும்பும்போதெல்லாம் உரசிய இடத்தில், ரப்பர் தேய்ந்து செம்பு இரும்போடு ஒட்டிப்போயிருந்தது.

அப்போது கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் பாயிண்ட்டுக்காக வந்தவர்கள். என் வாயிலிருந்து வந்தது, "வுடும்மா, பாத்துக்கலாம்" என்பது மட்டும்தான். அமுலு கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கோழை என்று என்னை யாராவது சொன்னால் அந்தக் கும்பிடுதான் ஞாபகம் வரும்.

வண்டியை ரெண்டு நாளில் சரி செய்தேன். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வைத்தேன். எடுத்துப்போக வந்தவர் அமுலு இல்லை, மச்சாண்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நானும் அவர் கட்சி என்ற நினைப்பில் பேசினார்.

"எறாவுக்கு காத்து வுட்றேன்னு வண்டிய கொளுத்திட்டா. இன்மே வண்டி அவ கைக்கு போவாது மேஸ்திரி. பொம்பளைக்கு இன்னாத்துக்கு இது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போகிற வரை துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே மூலையில் வைத்தேன். அமுலுவை நினைத்து மட்டும் இல்லை. என் கடையிலிருந்து இதே மாதிரி போன வண்டிகள் எத்தனை? எல்லாம் தினம் நூறு தடவை ஹேண்டில் திரும்புகிற டெலிவரி வண்டிகள். ஒவ்வொன்றிலும் டேங்குக்கு அடியில் ஒரு ஒயர் தேய்ந்துகொண்டிருக்கிறது. கடையைச் சாத்திவிட்டு ராயபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

பாய்க்கு அப்போதே எழுபத்தெட்டு. கண் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருந்தார். வெள்ளைச் சட்டை மட்டும் மாறவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "எத்தினி வண்டி?" என்றார்.

"முப்பது, நாப்பது இருக்கும் பாய்."

"யாரு யாரு?"

"எய்தி வைக்கல பாய்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணு?" என்றார்.

"அவங்க வண்டிய சரி பண்ணிட்டேன் பாய்."

"நான் வண்டிய கேக்கலப்பா."

சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கை கழுவ உள்ளே போனார். அவர் கையில் அழுக்கு எதுவும் இல்லை. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

மறுநாள் கடை வாசலில் ஒரு பலகை வைத்தேன். 'பாயிண்ட் போட்ட வண்டிகளுக்கு இலவச செக்கப்' என்று எழுதினேன். ரெண்டு நாளாகியும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இலவசம் என்றால் ஆயில் மாற்றச் சொல்லித் தலையில் கட்டுவான் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் நாள் அதை அழித்துவிட்டு, 'ஹேண்டில் பக்கம் ஃபியூஸ் வைத்தது என் தவறு. தீப்பிடிக்கும். வண்டியைக் கொண்டுவாருங்கள்' என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் ஐந்து வண்டி வந்தது.

வராதவர்களைத் தேடிப் போனேன். டெலிவரி ஓட்டுகிறவர்கள் பிரியாணிக் கடை வாசல்களில்தான் காத்திருப்பார்கள். திருவொற்றியூர் மார்க்கெட், தேரடி, சுங்கச்சாவடி என்று மத்தியான வேளையில் பையில் ஒயரும் ஃபியூஸுமாகப் போய் நின்று ஒவ்வொரு ஹேண்டிலாகப் பார்த்தேன். "இன்னா நைனா, ஒனக்கு ஏஜ் ஆயிட்சி, ஜகா வாங்கற" என்று ஒருவர் கிண்டல் செய்தார். ஒருவர் வண்டியைத் தொடவே விடவில்லை. ஆர்டர் போகிறது என்று கத்தினார். மறுநாளும் போய் அவரைப் பிடித்தேன். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் ஒரு வண்டியில் செம்பு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வாரம் தாங்கியிருந்தால் அதிகம். வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தினேஷும் வந்தார். "நான்தானே நைனா அங்க வைக்க சொன்னேன்" என்றார் பாவமாக.

"நீ சொல்லுவ. நான் கேக்கலாமா?" என்றேன்.

பன்னிரண்டு நாளில் முப்பத்தொரு வண்டி. அத்தனை பேரிடமும் என் தவறு என்று சொன்னேன். சொல்லச் சொல்லப் பழகியும் போனது. ஆனால் காத்திவாக்கம் பக்கம் மட்டும் போகவில்லை. முப்பத்தொரு பேரிடம் சொல்வது, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போன ஒருத்தரிடம் சொல்வதைவிடச் சுலபமாக இருந்தது. பதின்மூன்றாம் நாள் இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. போனேன்.

கழிமுகத்துக்குப் போகிற தெருவில் வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து நாலைந்து பெண்கள் இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அமுலுவும் அதில் இருந்தார். எல்லாம் செத்த இறால், பக்கத்தில் உடைத்த ஐஸ். வலது கையில் புதுத் தோல் சிவந்திருந்ததால் இடது கையால் பிரித்துக்கொண்டிருந்தார். வண்டி சுவரோரம் நின்றது. மச்சாண்டார் அதன் மேல் சாய்ந்துகொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"வா மேஸ்திரி" என்று அவர்தான் முதலில் கூப்பிட்டார். அதனால் அவரிடமே சொன்னேன். தீப்பிடித்தது பம்பால் இல்லை, ஃபியூஸை நான் தப்பான இடத்தில் வைத்தேன், பம்பால் என்றால் ஃபியூஸ் போயிருக்கும், அமுலு எந்தத் தப்பும் செய்யவில்லை. பெண்கள் கை நின்றுவிட்டது. மச்சாண்டார் வலையைக் கீழே வைத்தார்.

"இம்மா நாளு கயிச்சி வந்து சொல்ற?"

"ஆமா" என்றேன்.

அமுலு தலை தூக்கவில்லை. ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி ஐஸ் மேல் போட்டார். பிறகு, "அவருகிட்ட சொல்ட்ட. எனுக்கு சொல்லு" என்றார்.

தார்ப்பாய்க்கு எதிரில் உட்கார்ந்தேன். "உன் மேல தப்பே இல்லம்மா. நான்தான் தப்பா போட்டேன்."

"எப்போ தெரியும் உனுக்கு?"

"அன்னிக்கே. நீ ஃபியூச எடுத்து கையில குட்த்தப்பவே."

இப்போது நிமிர்ந்து பார்த்தார். "அத காட்டி உன்னியதானே ண்ணா பெருமையா பேசிகினு இருந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து மச்சாண்டாருக்கு எதிரில் போய் அந்த வெந்த கையை நீட்டினார். அவர் ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை பெண்களைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அமுலு என்னிடம் திரும்பினார். "இதே மாதிரி போட்ட மத்த வண்டிங்கோ?"

"முப்பத்தொண்ணு பாத்து மாத்திட்டேன். இன்னும் ஆறேழு கெடைக்கல."

"அப்போ இங்க குந்திகினு இன்னா பண்ற? போய் தேடு" என்றார்.

போனேன். அதன் பிறகு மூன்று வண்டி கிடைத்தது. மற்றவை கைமாறிப் போயிருக்கலாம், ஊர் மாறிப் போயிருக்கலாம். அமுலு அதற்கப்புறம் என் கடைக்கு வரவே இல்லை. பட்டணத்துக்குப் பெட்டியோடு போவதைப் பஸ்ஸிலிருந்து ரெண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். வண்டி வேலையெல்லாம் வேறு கடையில் பார்த்துக்கொள்கிறாராம். அதுதான் நியாயம்.

பேட்டரியிலிருந்தா சாவியிலிருந்தா என்று குழுவில் சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். இந்த மலர் நம் மெக்கானிக்குகள் எல்லோர் கைக்கும் வரும் என்று செயலாளர் சொன்னதால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். உங்கள் கடைக்கு ஹேண்டில் பக்கம் ஃபியூஸ் வைத்த பழைய வண்டி ஒன்று வந்தால், அது எந்த வேலைக்காக வந்திருந்தாலும் சரி, முதலில் சீட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஹேண்டில் கழுத்து வரை ஒயரைப் பாருங்கள். எந்த மடையன் இப்படிப் போட்டான் என்று வண்டிக்காரர் கேட்பார். மழுப்ப வேண்டாம். காலடிப்பேட்டை ஏழுமலை என்று சொல்லுங்கள்.